ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர்

பிரசவ அறையின் மூலையில் வார்மர் முன்கூட்டியே சூடாகி இருக்கிறது. அதன்மேல் ஒரு பாலிதீன் உறை. பக்கத்தில் பின்னல் தொப்பி.

குழந்தை வருகிறது. 30 வாரம். யாரும் துடைப்பதில்லை. ஈரத்தோடு, கழுத்துவரை உறைக்குள் வைக்கிறார்கள். தலைக்குத் தொப்பி. உடம்புச் சூடு போகாமல் இருக்க இதுதான் வழி.

வீறிட்ட அழுகை இல்லை. ஒவ்வொரு மூச்சு முடியும்போதும் மெல்லிய முனகல்.

டூட்டி டாக்டர் சிறிய மாஸ்க்கை மூக்கும் வாயும் மூடும்படி வைக்கிறார். இரண்டு விரல் மாஸ்க்கின் மேல். மூன்று விரல் தாடைக்குக் கீழ். சீரான அழுத்தத்தில் காற்று போகிறது. கலவையில் ஆக்ஸிஜன் 30 சதவீதம். வலது மணிக்கட்டில் ரத்த ஆக்ஸிஜனை அளக்கும், சிவப்பு விளக்கு எரியும் ப்ரோப்.

மூன்றாவது நிமிடம் 71. ஐந்தாவது நிமிடம் 83. ஆக்ஸிஜன் குமிழை யாரும் தொடவில்லை. கருப்பைக்கு வெளியே வந்த எந்தக் குழந்தைக்கும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் படிப்படியாகத்தான் ஏறும். பத்தாவது நிமிடம் 91.

எடைத்தட்டில் 1240 கிராம். காலில் பட்டை. அதில் ‘பேபி ஆஃப்’ என்று தொடங்கி அம்மாவின் பெயர்.

நடைபாதையில் அப்பா எழுந்து நிற்கிறார். கையில் மடித்த சீட்டு. இன்குபேட்டர் வண்டி அவரைக் கடக்கிறது. நிற்பதில்லை. உள்ளே தொப்பி மட்டும் தெரிகிறது.

“பொம்பளப் பிள்ளை,” என்கிறார் சிஸ்டர், நடந்தபடியே.

பாட்டி வயர்கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடுகிறார்.

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு. கதவுக்கு வெளியே செருப்புகள். உள்ளே முழங்கையால் திறக்கும் குழாய். சுவரில் கை கழுவும் முறை, படிப்படியாக, படங்களோடு. பேராசிரியை கழுவுகிறார். ஆயாம்மா கழுவுகிறார். வளையல், மோதிரம், வாட்ச் எதுவும் இந்தக் குழாயைத் தாண்டி உள்ளே போவதில்லை.

நான்காம் படுக்கை. வார்மரை ஒட்டிக் கம்பி ஸ்டாண்டு. ஸ்டாண்டில் ஒரு பாட்டில். பாட்டிலின் மேல் சென்டிமீட்டர் கோடுகள். சிஸ்டர் ஸ்டெரைல் தண்ணீர் ஊற்றுகிறார். குழாயின் நுனியை ஐந்தாவது கோடு வரை அமிழ்த்துகிறார். குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து பார்க்கிறார். இன்னும் கொஞ்சம் இறக்குகிறார்.

காற்றையும் ஆக்ஸிஜனையும் கலக்கும் கருவி சுவரில் இருக்கிறது. அதிலிருந்து நிமிடத்துக்கு 6 லிட்டர் புறப்படுகிறது. வழியில் ஹியூமிடிஃபையர். அங்கே காற்று 37 டிகிரிச் சூடும் ஈரமும் ஏற்றுக்கொள்கிறது. அடுத்து குழந்தையின் மூக்கு. அதற்கடுத்து இன்னொரு குழாய். அந்தக் குழாய் முடிகிற இடம் தண்ணீர்.

தண்ணீரில் குமிழிகள் கிளம்புகின்றன.

இதற்குப் பெயர் பபிள் சி-பேப். ஐந்து சென்டிமீட்டர் ஆழம் என்றால் ஐந்து சென்டிமீட்டர் அழுத்தம். ஏழுக்கு இறக்கினால் ஏழு. மூச்சை இழுப்பது குழந்தை. விடுவதும் குழந்தை. விட்டபின் நுரையீரலின் காற்றுப்பைகள் சுருங்கி ஒட்டிப்போகாமல் தாங்குவது தண்ணீர்.

முனகல் குறைகிறது. பிறகு நிற்கிறது. சிஸ்டர் கேஸ் ஷீட்டில் நேரம் போட்டு எழுதுகிறார்.

அந்த முனகல் குழந்தையின் சொந்த வைத்தியம். குரல்வளையைப் பாதி மூடிக்கொண்டு மூச்சு விட்டால் உள்ளே கொஞ்சம் காற்று தங்கும். 1968-இல் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கிறார்கள். தொண்டைக்குள் குழாய் வைத்து முனகலைத் தடுக்கும்போது ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குகிறது. 1971-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரி என்ற மயக்கமருந்து மருத்துவரும் அவருடைய குழுவினரும் அதே அழுத்தத்தை வெளியிலிருந்து கொடுக்கிறார்கள். 20 குழந்தைகள். 16 பேர் பிழைக்கிறார்கள்.

காலை ரவுண்ட்ஸ். பேராசிரியை நான்காம் படுக்கை முன் நிற்கிறார். பின்னால் நான்கு பி.ஜி. மாணவர்கள். முன்வரிசை மாணவியின் கண் மானிட்டருக்குப் போகிறது.

“மானிட்டரப் பாக்காதம்மா. பிள்ளையப் பாரு.”

மாணவி குனிகிறாள். போர்வை இல்லை. டயப்பர் மட்டும். நெஞ்சும் வயிறும் சேர்ந்து ஏறுகின்றனவா, மாறி மாறி ஏறுகின்றனவா? விலா எலும்புகளுக்கு இடையில் தோல் உள்ளே போகிறதா? நெஞ்செலும்பின் நுனி குழிகிறதா? மூக்குத் துவாரம் விரிகிறதா? முனகல் உண்டா?

ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம், ஒன்று அல்லது இரண்டு. வில்லியம் சில்வர்மேனும் டோரதி ஆண்டர்சனும் 1956-இல் எழுதி வைத்த கணக்கு. கண்ணும் காதும் போதும்.

“மூணு, மேம்.”

“பிறந்தப்ப?”

“ஆறு.”

பேராசிரியை தலையசைக்கிறார். அடுத்த படுக்கைக்கு நகரும் முன் பாட்டிலை ஒரு தரம் பார்க்கிறார்.

மூக்கில் நிற்பவை இரண்டு சிறிய சிலிக்கோன் குழாய்கள். வார்டில் பிராங்ஸ் என்கிறார்கள். பெரிதாக இருந்தால் மூக்கைப் புண்ணாக்கும். சிறிதாக இருந்தால் காற்று ஓரமாகக் கசியும். அட்டையில் வெட்டிய துளைகளை மூக்கருகே வைத்துச் சிஸ்டர் அளவு பார்க்கிறார். தொப்பியின் இரு பக்கமும் குழாய்களைக் கட்டுகிறார். பிராங்ஸுக்கும் மூக்கின் நடுத்தண்டுக்கும் இடையில் கொஞ்சம் இடம் விடுகிறார். அந்த இடைவெளி மூடிப்போனால் நடுத்தண்டு சிவக்கும். பிறகு கறுக்கும். பிறகு மூக்கின் வடிவமே மாறும்.

வாய்வழியாக இரைப்பைக்கு ஒரு குழாய். அதன் வெளிநுனி திறந்தே இருக்கிறது. மூக்கில் போகும் காற்றில் ஒரு பங்கு வயிற்றுக்கும் போகும். வெளியேற அதற்கு ஒரு வழி வேண்டும்.

ஒவ்வொரு மணிக்கும் சிஸ்டர் அதே வரிசையில் பார்க்கிறார். பாட்டில். தண்ணீரின் மட்டம். குழாயில் தேங்கிய ஈரம். தொப்பியின் முடிச்சு. மூக்கு. வயிறு. கடைசியில் எண்கள்.

அம்மாவின் கேஸ் ஷீட் மேசையில் கிடக்கிறது. டெக்ஸாமெத்தசோன், 6 மில்லிகிராம், 12 மணிக்கு ஒரு தடவை. நான்கு கட்டங்கள். இரண்டில் கையெழுத்து இருக்கிறது. இரண்டு காலி. மூன்றாவது ஊசிக்கு முன்பே பிரசவம்.

இந்த ஊசியின் தொடக்கம் நியூசிலாந்தில். 1960-களின் பிற்பகுதி. கிரஹாம் லிகின்ஸ் ஆட்டின் கருவுக்கு ஸ்டீராய்டு கொடுக்கிறார். அவர் தேடுவது பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்பதற்கான விடை. காலையில் வந்து பார்க்கும்போது, பிழைத்திருக்க வாய்ப்பே இல்லாத குறைமாத ஆட்டுக்குட்டி மூச்சு விடுகிறது. 1972-இல் அவரும் ராஸ் ஹவியும் தாய்மார்களுக்குக் கொடுத்த ஊசியின் முடிவுகளை வெளியிடுகிறார்கள். 34 வாரத்துக்கு முன் பிரசவ வலி எடுத்தால் இன்றைக்கும் அதே வகை மருந்து. விலை மிகக் குறைவு. வேலை செய்ய அதற்குச் சில மணி நேரம் வேண்டும்.

மாலை. கலவையில் ஆக்ஸிஜன் 30. பிறகு 35. இப்போது 40. தண்ணீர் ஏழாவது கோட்டுக்கு வந்திருக்கிறது. விலாவுக்கு இடையில் தோல் மறுபடி உள்ளே போகிறது. எக்ஸ்ரே வெளிச்சத்தில் தொங்குகிறது. கறுப்பாகத் தெரிய வேண்டிய நுரையீரல் மங்கிய வெள்ளையாக இருக்கிறது.

ஃப்ரிட்ஜ் திறக்கிறது. சிறிய கண்ணாடிக் குப்பிகள் இரண்டு. சிஸ்டர் அவற்றை உள்ளங்கைக்குள் மூடி வைத்துக்கொள்கிறார். குலுக்கக் கூடாது. மெல்லத் தலைகீழாகத் திருப்புகிறார். உள்ளே வெண்மையான திரவம். சர்ஃபேக்டன்ட். பன்றியின் நுரையீரலிலிருந்து எடுத்தது. இந்த எடைக்கு 3 மில்லி.

காற்றுப்பைகளின் உட்புறத்தில் மெல்லிய படலமாக இது இருந்தால் அவை சுலபமாக விரியும். கருவின் நுரையீரல் இதைப் போதிய அளவில் சுரப்பது 34, 35 வாரத்தை ஒட்டித்தான். 1959-இல் மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் சொல்கிறார்கள்: மூச்சுத்திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் இல்லாமல் போனது இதுதான்.

1963 ஆகஸ்ட் 7. அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு மகன் பிறக்கிறான். பேட்ரிக். ஐந்தரை வாரம் முன்னதாக. எடை 2 கிலோவுக்கு மேல். பாஸ்டனில் உயர் அழுத்த ஆக்ஸிஜன் அறைக்குள் வைக்கிறார்கள். அங்கே எல்லாம் இருக்கிறது. சர்ஃபேக்டன்ட் இல்லை. சி-பேப் இல்லை. 39 மணி நேரத்தில் இறக்கிறான். 1980-இல் ஜப்பானில் தெட்சுரோ ஃபுஜிவாரா பசுவின் நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபேக்டன்ட்டைப் பத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்ததை எழுதுகிறார்.

நான்காம் படுக்கை. டாக்டர் லாரிங்கோஸ்கோப்பை இடது கையில் எடுக்கிறார். வலது கையில் மெல்லிய குழாய். பிராங்ஸ் மூக்கிலேயே இருக்கிறது. குழந்தை தானே மூச்சு விடுகிறது. குழாய் குரல்நாண்களைத் தாண்டுகிறது. மருந்து துளித்துளியாக, இரண்டு மூன்று நிமிடத்தில் இறங்குகிறது. குழாயை உருவுகிறார். குமிழிகள் நிற்கவேயில்லை.

இதே மருந்துக்கு முன்பெல்லாம் தடித்த குழாய் வைத்து, பையால் காற்று அடித்து உள்ளே தள்ளுவார்கள். இப்போது தள்ளுவதில்லை. குழந்தையே உள்ளிழுக்கிறது.

ஒரு மணி நேரம். டாக்டரின் கை ஆக்ஸிஜன் குமிழிலேயே இருக்கிறது. 40. 35. 30. 26. மருந்து பிடித்தவுடன் ஆக்ஸிஜனை இறக்காவிட்டால் அதுவே கெடுதல்.

இரவு 2.40. பாட்டிலில் சத்தம் இல்லை.

மானிட்டர் இன்னும் அடிக்கவில்லை. சிஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். குழந்தையின் வாய் திறந்திருக்கிறது. காற்று அந்த வழியே போய்விடுகிறது. தாடையை ஒரு விரலால் மேலே தூக்குகிறார். துணிப்பட்டையைச் சரிசெய்கிறார். குமிழிகள் திரும்புகின்றன.

3.15. இப்போது மானிட்டர் அடிக்கிறது. நெஞ்சு அசையவில்லை. 20 விநாடி கடந்துவிட்டது. இதயத்துடிப்பு 90-க்கு இறங்குகிறது. சிஸ்டர் உள்ளங்காலை விரலால் தேய்க்கிறார். முதுகைத் தடவுகிறார். குழந்தை முகத்தைச் சுளிக்கிறது. நெஞ்சு ஏறுகிறது. 120. 140. கேஸ் ஷீட்டில் ஒரு வரி.

மூச்சு விட வேண்டும் என்று நினைவூட்டும் மூளைத்தண்டும் குறைமாதம்தான். அதற்குக் கஃபீன் கொடுக்கிறார்கள். காபியில் இருக்கும் அதே பொருள். கிலோவுக்கு 20 மில்லிகிராம் முதல் தடவை, பிறகு தினமும் அதில் கால் பங்கு. 2006-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், கஃபீன் பெற்ற குழந்தைகள் மூச்சுக் கருவியிலிருந்து சீக்கிரம் விடுபடுகிறார்கள்.

ஆறாம் படுக்கையில் குமிழிகள் இல்லை. 26 வாரம், 800 கிராம். வாய்வழியாக மூச்சுக்குழாய்க்குள் 2.5 மில்லிமீட்டர் குழாய். உதட்டின் மேல் பிளாஸ்டர். வென்டிலேட்டர் நிமிடத்துக்கு 40 முறை காற்றைத் தருகிறது. ஒரு மூச்சுக்கு 4 மில்லி. ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு.

நெஞ்சு லேசாக ஏறினால் போதும். நன்றாக ஏறினால் டாக்டர் முகம் மாறுகிறது. 1967-இல் ஸ்டான்ஃபோர்டில் வில்லியம் நார்த்வேயும் உடனிருந்தோரும் வென்டிலேட்டரில் பிழைத்த குழந்தைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்க்கிறார்கள். அழுத்தத்தாலும் ஆக்ஸிஜனாலும் நுரையீரலில் தழும்பு. புதிய நோய்க்குப் புதிய பெயர் வைக்கிறார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் வென்டிலேட்டர் படுக்கை முன் ஒரே கேள்வி.

“இன்னைக்கு எடுத்துரலாமா?”

வராந்தா. பாய்கள், ஃப்ளாஸ்க், பிளாஸ்டிக் வாளி. அம்மாக்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பெயர் கூப்பிடும்போது ஒருத்தி எழுகிறாள். மற்றவர்கள் நிமிர்ந்து, மறுபடி சாய்கிறார்கள்.

நான்காம் படுக்கையின் அம்மா கையில் சிறிய ஸ்டீல் கிண்ணம். அடியில் மஞ்சள் நிறத்தில் சீம்பால். கிண்ணத்தைச் சாய்க்காமல் நடக்கிறாள்.

“இவ்ளோதான் சிஸ்டர் வந்துச்சு.”

“இதே தாராளம்மா. பாப்பாக்கு ரெண்டு மில்லிதான்.”

சிஸ்டர் சிரிஞ்சில் எடுக்கிறார். பிஸ்டனைக் கழற்றிவிட்டுத் தூக்கிப் பிடிக்கிறார். பால் தானாக இறங்குகிறது.

வேறொரு படுக்கையில் அலாரம். ரத்த ஆக்ஸிஜன் 98. புதிதாக வந்த மாணவன் நிம்மதியாகச் சிரிக்கிறான். சிஸ்டர் எழுந்து போய் ஆக்ஸிஜனைக் குறைக்கிறார். ஆக்ஸிஜன் கொடுக்கப்படும் குறைமாதக் குழந்தைக்கு 90 முதல் 95 வரை. 89-லும் மணி அடிக்கும், 96-லும் அடிக்கும்.

1940-களில் இன்குபேட்டர்களுக்குள் ஆக்ஸிஜன் தாராளம். குழந்தைகள் பிழைக்கிறார்கள். பார்வை போகிறது. பாடகர் ஸ்டீவி வொண்டர் 1950-இல் மிச்சிகனில் ஆறு வாரம் முன்னதாகப் பிறக்கிறார். அந்தக் கண்களும் அப்படிப் போனவை. 1951-இல் மெல்போர்னில் கேட் கேம்பெல் என்ற மருத்துவர், கண்ணைப் பறிப்பது அதிக ஆக்ஸிஜனாக இருக்கலாம் என்று எழுதுகிறார். சில ஆண்டுகளில் உலகம் ஆக்ஸிஜனை இறுக்கிப் பிடிக்கிறது. இப்போது மூச்சில்லாமல் குழந்தைகள் இறக்கிறார்கள். சுவரில் ஒட்டியிருக்கும் ‘90 - 95’ என்ற தாளுக்குப் பின்னால் இத்தனை பேர்.

மூன்றாம் நாள். நீளமான சாய்வு நாற்காலி. நான்காம் படுக்கையின் அம்மா நைட்டியின் முன்பக்கத்தைத் திறந்து உட்காருகிறாள். கை நடுங்குகிறது.

“குழாய் கழண்டுருமா, அக்கா?”

“கழலாதும்மா. நான் பிடிச்சுக்கறேன். நீ மட்டும் நல்லா சாஞ்சுக்க.”

இரண்டு பேர் தூக்குகிறார்கள். ஒருவர் குழந்தை. ஒருவர் குழாய்கள். நெஞ்சோடு நெஞ்சாக, தவளைபோல் கால் மடக்கி, தலை ஒரு பக்கம் திரும்பி. மேலே துணி சுற்றுகிறார்கள். குழாயை அம்மாவின் தோளில் பிளாஸ்டர் போட்டு நிறுத்துகிறார்கள். பாட்டில் குமிழியிட்டுக்கொண்டே இருக்கிறது.

மானிட்டரில் கோடுகள் சீராகின்றன. அம்மா அசையாமல் இருக்கிறாள். மூக்கு அரிக்கிறது போல. சொறியவில்லை.

1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறை. எட்கர் ரே என்ற மருத்துவர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் நெஞ்சில் கட்டி வைக்கிறார். உடல்நிலை சீரான பிறகுதான் இது என்று பல காலம் எண்ணுகிறார்கள். 2021-இல் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு வருகிறது. சீராகும்வரை காத்திருக்காமல், பிறந்த உடனேயே தாயின் நெஞ்சில் வைத்த குழந்தைகளில் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைவு.

ஆறாம் நாள். ஆக்ஸிஜன் 21. வெளியே வராந்தாவில் இருப்பதும் 21தான். பாட்டிலில் ஐந்தாவது கோடு. மாணவி குனிந்து ஐந்து கேள்விகளையும் பார்க்கிறாள். “பூஜ்யம், மேம்.”

முடிச்சு அவிழ்கிறது. பிராங்ஸ் வெளியே வருகிறது. மூக்கின் நடுத்தண்டில் டார்ச் அடிக்கிறார்கள். சிவப்பு இல்லை. குழந்தையின் முழு முகமும் முதல்முறையாகத் தெரிகிறது. கன்னத்தில் பட்டையின் தடம்.

சுத்தம் செய்த குழாய்களை ஆயாம்மா உலர வைக்கிறார். பாட்டிலைத் திருப்பிக் கவிழ்க்கிறார். சிஸ்டர் அங்கேயே நிற்கிறார். ஒரு மணி நேரம் நெஞ்சைப் பார்க்கிறார். மூச்சு எண்ணிக்கை 52. பிறகு 54. பிறகு 50.

அடுத்த வாரங்கள் எடையின் வாரங்கள். முதலில் இறங்குகிறது. பிறகு ஏறுகிறது. இரைப்பைக் குழாய் போய்ப் பாலாடை வருகிறது. பாட்டிக்கு அதைப் பிடிக்கத் தெரிகிறது. சிஸ்டர் சொல்லித் தரும் முன்பே கழுத்தைத் தாங்கிக்கொள்கிறார்.

26-ஆம் நாள். 1540 கிராம். டிஸ்சார்ஜ் அட்டையைச் சிஸ்டர் வரிவரியாக வாசிக்கிறார். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுகிறார். நெஞ்சோடு வைத்துக்கொள்வதைத் தொடர வேண்டும். தாய்ப்பால் மட்டும். மூச்சு வேகமானால், நீலம் பாய்ந்தால், பால் குடிக்காவிட்டால் உடனே வர வேண்டும். கடைசி வரியைச் சுற்றிச் சிவப்பு மை. கண் பரிசோதனை. இன்னும் மூன்று நாளில்.

“பாப்பா நல்லா பாக்குதே, சிஸ்டர்?”

“பாக்கும்ப்பா. உள்ள இருக்கறது வெளிய தெரியாது. கண்டிப்பா கூட்டிட்டு வாங்க.”

இந்தியாவில் 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த எல்லாக் குழந்தைக்கும் இந்தப் பரிசோதனை உண்டு. முதல் பரிசோதனை பிறந்த 30 நாளுக்குள். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாக. விழித்திரை நோய் உரிய நேரத்தில் பிடிபட்டால் லேசரோ ஊசியோ பார்வையைக் காப்பாற்றும். காலம் கடந்து வந்தால் இரண்டும் உதவாது.